கூலி என்பது வசைச்சொல்லா?

“கூலின்னா கெட்ட வார்த்தையா, டீச்சர்?” என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வினவினான். என் பாட்டனாரும் பால்மரம் சீவியவரே. ஆயினும் அன்று எனக்கு விடை கூற நா எழவில்லை. அந்த வெட்கமே என்னைத் தேட வைத்தது.

பிரிட்டிஷ் பேரரசில் 1834-இல் அடிமை முறை முடிவுக்கு வந்தது. ஆப்பிரிக்கர் உழைத்த மொரிசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கொண்டு செல்லப்பட்டனர். அடிமை முறையும் ஒப்பந்த முறையும் ஒன்றல்ல. எனினும் ஒன்றன் இடத்தை மற்றொன்று நிரப்பியது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் தடை செய்யப்பட்டது. கங்காணி முறையோ 1938 வரை நீடித்தது.

இவற்றைக் கற்பிக்கப் பணம் வேண்டியதில்லை, ஆசிரியர்களே! சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பழைய ‘தமிழ் முரசு’ இதழ்கள் உள்ளன. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்தில் இலங்கை மலையகத் தோட்டத் தமிழர் பற்றிய நூல்கள் கிடைக்கின்றன. ஆயர் ஈத்தாமுக்கு அண்மையில், கிரீன் லேனில், 2016-இல் திறக்கப்பட்ட பினாங்கு மின்னியல் நூலகத்தில் பிள்ளைகளுடன் அமர்ந்து தேடலாம்.

பெற்றோர்களே, மற்றொரு நூலகம் உங்கள் இல்லத்திலேயே உள்ளது. அம்மாணவன் தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்து வகுப்பில் வாசித்தான்: “விடியுமுன் பெரட்டுக்கு நிற்போம். குழந்தை ஆயாக் கொட்டகையில் அழும்.” வகுப்பே அமைதியானது. பின்னர் அவனே கூறினான்: “கெட்ட வார்த்தை இல்ல டீச்சர். எங்க பாட்டி செஞ்ச வேலை.”

மூத்தோர் நம்முடன் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.