மீன்முள் வாய்க்கால்

ஜூலை 26 அலையாத்திக் காடுகள் தினம். மறுநாள் நாளிதழில் ஒரு படம் வந்திருந்தது. வெள்ளைத் தொப்பி அணிந்த பத்துப் பேர் கரையோரம் நின்று கன்று நடுகிறார்கள். சிதம்பரத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் அதைக் காட்டினேன். "நட்டவங்களைப் பாத்துட்ட. வெட்டினவங்களைப் பாக்க வா" என்றார். அவர் சொன்னது மரம் வெட்டியவர்களை அல்ல, வாய்க்கால் வெட்டியவர்களை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளைப் பக்கம் ஓர் இருளர் குடியிருப்புக்குப் போனோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது பிச்சாவரம் காடு. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாப் படகில் போகிறவர்களுக்கு அது என்றைக்கும் இப்படியே இருந்த காடு போலத் தோன்றும். அப்படியில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி எழுபதுகள் வரை கூப்புப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் காடு தானாகவே வந்துவிடும் என்று நம்பினார்கள். பல இடங்களில் வரவில்லை.

வராததன் காரணத்தை எனக்கு விளக்கியவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. முற்றத்து மண்ணில் குழியாக ஒரு கோடு இழுத்தார். "நெழலு போச்சுன்னா வெயிலு நேரா சேத்துல விழும் தம்பி. சேறு காஞ்சு உள்ள எறங்கிடும், தட்டு மாதிரி. ஏறுன தண்ணி அதுல நிக்கும், திரும்பி வத்தாது. நின்ன தண்ணி காயக் காய உப்பு. அதுல எந்த வெதை பொழைக்கும்?"

ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் தொண்ணூறுகளில் ஊர் மக்களோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தன. கன்றுக்கு முன்னால் தண்ணீருக்கு வழி. இயற்கையான ஓடையிலிருந்து சாய்வாக ஒரு தாய் வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும். இறங்கும்போது உப்பையும் வாரிக்கொண்டு திரும்பும். நாள்தோறும் கழுவக் கழுவ மண் ஆறும். பிறகு வாய்க்கால் சரிவில் வெண்கண்டல் விதைகளை ஊன்றினார்கள்.

அந்த அம்மா தன் மம்பட்டியை எடுத்துக் காட்டினார். தகடு தேய்ந்து கையகலம்தான் மிஞ்சியிருந்தது. காம்பு குட்டை. குறுகலான வாய்க்காலுக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று நீண்ட காம்பை ஓங்க முடியாது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் தகட்டைத் தண்ணீரில் நனைக்க வேண்டும்; இல்லாவிட்டால் களி ஒட்டிக்கொண்டு விடாது. மேலே அகலமாகவும் அடியில் ஒடுக்கமாகவும் வெட்ட வேண்டும். செங்குத்தாக வெட்டினால் அடுத்த ஏற்றத்திலேயே கரை சரிந்துவிடும். வெட்டிய கட்டியைக் கை மாற்றிக் கை மாற்றித் தள்ளிப் போட வேண்டும். ஓரத்திலேயே குவித்தால் மழை அதைத் திருப்பி உள்ளே இறக்கிவிடும். "மிசினு இங்க வந்தா புதைஞ்சிடும்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்தக் கை ஏற்கெனவே சேற்றைப் படித்த கை. இங்குள்ள இருளர்கள் பலர் வலையில்லாமல் இறால் பிடிப்பவர்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, அடிச் சேற்றை உள்ளங்கையால் தடவி, இறாலைப் பொத்தி எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போடுவார்கள். எங்கே சேறு இளகியிருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது என்பதை விரலால் அறிந்தவர்கள் அவர்கள். காடு வளர்ந்தபோது இறாலும் கூடியது. கண்டல் இலை அழுகித்தான் இறால் குஞ்சுக்கு இரையாகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. காடு தன்னை வெட்டித் திறந்தவர்களுக்குக் கடனைத் தீர்த்தது என்றே எனக்குத் தோன்றியது.

மனிதர்கள் அந்தக் கடனைத் தீர்க்கவில்லை. பறி நிறைய இறால் இருந்தும் அதற்கு விலை சொல்லும் உரிமை அந்த அம்மாவுக்கு இல்லை. மகள் பிரசவத்துக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அது தீரும்வரை பிடித்ததெல்லாம் அந்த வியாபாரிக்கே. எடை அவருடையது, விலையும் அவருடையது. பனிக்கட்டிப் பெட்டி வாங்க வழியில்லாததால் ஒரு மணி நேரம்கூடப் பேரம் பேச முடியாது. வாய்க்கால் வேலையிலும் இதே கதைதான். இடையில் ஒரு மேஸ்திரி நிற்கிறார், கூலி அவர் கையைக் கடந்துதான் வருகிறது. நஞ்சான மண்ணை நல்ல மண்ணாக்கியவர்களை நாம் தினக்கூலி என்று எழுதிவைக்கிறோம். காட்டின் பயனில் பங்கு, குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா, பிடித்த மீனுக்கு நேரடிச் சந்தை: இந்த மூன்றும் இல்லாமல் நிலத்தை மீட்டுவிட்டோம் என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. மண் ஆறினால் போதுமா? மனிதர் ஆற வேண்டாமா?

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். வாய்க்கால் ஒருமுறை வெட்டி முடிகிற வேலை இல்லை. ஒவ்வோர் ஏற்றமும் கொஞ்சம் வண்டல் கொண்டுவந்து போடும். கன்று வேர் பிடித்துத் தலைதூக்கும்வரை தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. சேற்றுக்குக் கிடையாது.

மாலையில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. அந்த அம்மா பறியோடு இறங்கினார். நாங்கள் படகில் கூடவே போனோம். ஒரு கிளை வாய்க்காலின் வாயில் நின்றார், குனிந்து கையால் தடவினார். பறியைப் பல்லிலிருந்து எடுத்துக் கரையில் வைத்தார். இரண்டு கையாலும் வண்டலை அள்ளித் தூரப் போட்டார். நான்கு முறை, ஐந்து முறை. "யாரு கூலி குடுப்பாங்க அம்மா இதுக்கு?" என்று கேட்டேன்.

"அடைச்சிருக்கு தம்பி, உள்ள கன்னு இருக்கு" என்றார்.

உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீர் அவர் முழங்கையைச் சுற்றிக்கொண்டு ஓடையை நோக்கி ஓடத் தொடங்கியது. அவர் பறியை மீண்டும் பல்லில் கடித்துக்கொண்டார்.