புதுக்கோட்டையில் ஒரு சுவர் தேடி

1858இலேயே புதுக்கோட்டை கேமராவுக்குள் போய்விட்டது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் என்ற பதவியில் இருந்தார். தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றியவர், புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்துக்குள்ளும் வந்து அரண்மனையையும் திருமயத்தையும் எடுத்தார். அன்றைக்குப் பரவிக்கொண்டிருந்த ஈரக் கண்ணாடித் தகடு நம் வெயிலுக்கு ஒத்துவராது. பூசிய மருந்து காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். டிரைப் மெழுகேற்றிய காகித நெகட்டிவை நம்பினார். முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்தபிறகு நிதானமாகக் கழுவலாம். புதுக்கோட்டைப் படங்கள் அந்த ஆண்டே தனித் தொகுப்பாக வந்தன. அடுத்த ஆண்டு மதராஸ் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இதெல்லாம் அரசாங்கத்துக்கு ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். கலைக்கு நிதி வெட்டுவதற்கும் நமக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு.

திருச்சியிலிருந்து வந்த பேருந்தில் இதைச் சொன்னபோது அக்கா மகள் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். விஸ்காம் கடைசி வருடம். ஒரு கண்காட்சிக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டும், துணைக்கு வா என்று என்னை இழுத்து வந்திருந்தாள். டிரைப்பின் இந்திய, பர்மியப் படங்களுக்கு 2014லும் 2015லும் வாஷிங்டன் நேஷனல் கேலரி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று வரிசையாகப் பெரிய கண்காட்சி நடந்தது என்றேன்.

"புதுக்கோட்டைக்காரங்க அந்தப் படத்தையெல்லாம் பாத்திருக்காங்களா சித்தி?"

இணையத்தில் தேடினால் சிலது கிடைக்கும் என்றேன். அவள் கேட்டது அதை அல்ல என்று தெரிந்தும் அப்படித்தான் சொன்னேன்.

திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அன்றைய சமஸ்தானம் அதை 1910இல் தொடங்கியது. செப்புத் திருமேனி, பாடம் செய்த விலங்கு, பாறை, ஆயுதம், ஓவியம் எல்லாம் ஒரே கூரைக்குள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து, பாடம் செய்த விலங்குகளிடம் மட்டும் நின்று, மற்றதை ஓட்டமாகக் கடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த வயதில் அப்படித்தான் கடந்திருப்பேன். ஆனாலும் மாவட்டத்தில் ஒருவருக்குக் 'காட்சிக்கு வைப்பது' என்ற எண்ணம் முதலில் வாய்ப்பது இங்கேதான்.

அங்கிருந்து அன்னவாசல் பேருந்து பிடித்து, ஆட்டோ ஏறி, சித்தன்னவாசல். பங்குனி வெயில். முதலில் ஏழடிப்பட்டம். படியேறி மலையின் மறுபக்கம் வளைந்து இறங்கினால் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள், கிறிஸ்துவுக்கு முற்பட்ட தமிழ் பிராமி எழுத்துகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்துக்குப் பக்கத்திலேயே யாரோ ஒரு ஜோடி அண்மையில் தங்கள் பெயர்களைக் கீறியிருந்தது. அந்தக் கைகளும் ஒரு சுவரைத்தான் தேடியிருக்கின்றன, கிடைத்த இடம்தான் தப்பு.

அறிவர் கோயில் சின்னக் குடைவரை. ஒரு முன்மண்டபம், ஒரு கருவறை. அவ்வளவுதானா என்று தோன்றும். தலையை நிமிர்த்தினால் விதானத்தில் ஒரு தாமரைக் குளம். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே மீன், அன்னம், எருமை, யானை. தண்டோடு பூப்பறித்துத் தோளில் சாய்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள். சமண நூல்கள் சொல்லும் சமவசரணத்தின், அதாவது தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சபையின், குளம் அது என்பார்கள். சுண்ணச் சாந்தின்மேல் கனிம வண்ணங்கள். 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் இந்தச் சாந்தையும் வண்ணத்தையும் ஆய்ந்திருக்கிறார். முகப்புத் தூண்களில் ஆடும் பெண்கள் முக்கால்வாசி அழிந்துவிட்டார்கள். ஒரு கை வீச்சு, ஒரு இடுப்பு வளைவு, கொண்டையின் ஒரு பக்கம் என்று மிச்சம். தென்பக்கப் பாறையில் உள்ள தமிழ்ச் செய்யுள் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுப்பித்ததைச் சொல்கிறது.

எனக்கு அங்கே பிடித்தது வெளிச்சம். கோயில் மேற்குப் பார்த்தது. பிற்பகல் சாய்ந்த வெயில் நேராக ஓவியத்தில் விழவில்லை. தரைப் பாறையில் பட்டு மேலே எகிறி, குளத்தின் பச்சையைத் தடவியது. சென்னைக் காட்சிக்கூடங்களில் ஸ்பாட் லைட்டைத் திருப்பித் திருப்பி மாட்டும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நேரத்தில் எங்கிருந்து ஒளி வரும், பார்ப்பவர் எங்கே நிற்பார், கழுத்தை எவ்வளவு வளைப்பார் என்று கணக்குப் போட்டவர்கள் இங்கே ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே வேலை பார்த்திருக்கிறார்கள். அவள் ஃபோனைத் தூக்கினாள். "பிளாஷ் போடக் கூடாது பாப்பா" என்றார் காவலர். கொஞ்ச நேரம் ஃபோன் இல்லாமலே பார் என்றேன் நான்.

வெளியே பாறை நிழலில் உட்கார்ந்ததும் அவள் படம் அனுப்பக்கூடிய இடங்களின் பட்டியலைத் திறந்தாள். நல்ல பட்டியல். நான் படித்த காலத்தில் இதில் கால்வாசிகூட இல்லை. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியன்னாலே. 2019இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்குள் படங்களைத் தொங்கவிட்டபோது, அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்காதவர்களும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். கொச்சி-முசிரிஸ் பியன்னாலேயோடு 2014 முதல் சேர்ந்து நடக்கும் மாணவர் பியன்னாலே; கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு, டெல்லி, பரோடா மாணவர்களோடு ஒரே ஊரில் படைப்பைக் காட்ட அது வழி. லலித் கலா அகாதமியின் தேசியக் கண்காட்சி. முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கான பெங்களூரின் டோட்டோ விருது.

"எல்லாத்துலயும் ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மெண்ட் கேக்குறாங்க சித்தி. இங்கிலீஷ்ல."

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். படம் இருக்கிறது, கண் இருக்கிறது. ஒரு பக்க ஆங்கிலம் வாசலில் காவலுக்கு நிற்கிறது. அப்புறம் அந்தப் பக்கத்தை யாராவது எழுதிக் கொடுத்து, அதில் அவளுக்கே புரியாத சொற்கள் வந்து உட்கார்ந்து, தேர்வாளர் அதை நம்பி வேறொரு படத்தைத் தேடுவார். பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் நல்கைக்கு விண்ணப்பத்தை எந்த இந்திய மொழியிலும் எழுதலாம் என்றேன். அவள் நம்பாமல் அங்கேயே தேடிப் பார்த்தாள். மற்றவற்றுக்கும் முதலில் தமிழில் எழுது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எதை எடுத்தேன், யாரை எடுத்தேன், ஏன் திரும்பத் திரும்ப அங்கே போனேன்: இந்த மூன்றும் தெளிவாக இருந்தால் போதும்.

பட்டியலில் இரண்டை அடித்துவிடச் சொன்னேன். இரண்டும் நுழைவுக் கட்டணம் வாங்கும் போட்டிகள். பொடி எழுத்தில் இருந்த விதிகளை வாசித்தால், அனுப்பும் எல்லாப் படங்களையும் நடத்துபவர் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். பரிசு ஒருவருக்கு, படங்கள் எல்லோருடையதும் போய்விடும். சான்றிதழுக்கு ஆசைப்பட்டுத் தாரை வார்க்க வேண்டாம்.

மதுரைப் பையன் ஒருவரின் வழியையும் சொன்னேன். எம். பழனிகுமார், மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையையும் வருடக்கணக்கில் விடாமல் எடுத்தவர். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். இப்போது பி. சாய்நாத் தொடங்கிய பாரி (PARI) என்ற கிராமப்புற இந்திய மக்கள் ஆவணகத்தில் புகைப்படக்காரர். 2022இல் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது இவருக்குத்தான் வந்தது. அவர் கேமராவை வைத்துக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்து எடுக்கவும் கற்றுத்தருகிறார்.

மறுநாள் காலை காரைக்குடி சாலையில் நமணசமுத்திரம். அய்யனார் கோயிலுக்குப் போகும் வழி நெடுக இரண்டு பக்கமும் மண்குதிரைகள். புதியவை வண்ணத்தோடு, பழையவை சுட்ட மண்ணின் நிறத்துக்குத் திரும்பி, அதற்கும் பழையவை கால் உடைந்து, காதில்லாமல், கழுத்துக்குள் செடி முளைத்து. இவள் திட்டமே இதுதான்: கறுப்பு வெள்ளையில் சிதிலமான குதிரைகள், பின்னொளி, புழுதி. நான் உதட்டைப் பிதுக்கினேன். பாழடைந்த குதிரை எல்லோர் கேமராவிலும் இருக்கிறது. சிதைவது இங்கே சோகமே இல்லை. அடுத்த நேர்த்திக்கடனுக்கு அடுத்த குதிரை வரும், பழையதை யாரும் ஒட்டவைத்துக்கொண்டிருப்பதில்லை. செய்கிறவரைப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

பக்கத்து ஊரில் ஒரு வேளார் வீட்டுக் கொட்டகை. ஊர்க்காரர்கள் வேலையைத் தொடங்கச் சொல்லிப் பிடிமண் கொடுத்துவிட்டார்கள், குதிரைகளைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் புரவி எடுப்புக்கு நாள் நெருங்குகிறது. களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துக் குவித்திருந்தது. நான்கு கால்கள் குழாய் மாதிரித் தனியாக நின்றன. அதன்மேல் வயிற்றை வளைத்து வளைத்து ஏற்றிக்கொண்டிருந்தார் பெரியவர். ஒரு சுற்று ஏற்றி, காயவிட்டு, அடுத்த சுற்று. அவசரப்பட்டால் எடை தாங்காமல் உட்கார்ந்துவிடும். உள்ளே கூடு. பிறகு சுற்றிலும் விறகும் வைக்கோலும் அடுக்கி மேலே சேறு மெழுகிச் சூளை போட வேண்டும். "வெந்ததுக்கப்பறந்தான் சாமி, இப்ப மண்ணுதான்" என்றார்.

இவள் கேமராவை எடுத்ததும் அவர் கையை நிறுத்தவில்லை. பழகியவர்.

"எடுத்துக்க தாயி. வெள்ளைக்காரவுக வந்தாக, மெட்ராஸ்லேருந்து காலேசுப் புள்ளைக வந்துச்சுக. எல்லாரும் எடுத்துட்டுத்தான் போறாக. ஒருத்தரும் கொண்டாந்து காட்டுனதில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டே, மழை பெய்யாததைச் சொல்வதுபோலச் சொன்னார். பேருந்தில் அவள் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதில் இது. டிரைப் தொடங்கி இன்றைய இன்ஸ்டாகிராம் வரை இந்த மாவட்டத்திலிருந்து படங்கள் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. சென்னைக்கும் கொச்சிக்கும் போவது தேவைதான். அங்கேதான் நல்கை கொடுப்பவர்களும் தேர்வாளர்களும் இருக்கிறார்கள், பிழைப்புக்கு அந்தக் கதவு வேண்டும். ஆனால் ஒரு படம் சரியாக வந்திருக்கிறதா என்று இந்தப் பெரியவருக்குத் தெரிகிற அளவு எந்தத் தேர்வாளருக்குத் தெரியும்? கால் குழாயின் பருமன் தப்பாகத் தெரியும் கோணத்தை அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அவள் கேமராத் திரையில் காட்டியபோது சொல்லவும் செய்தார்: "இது நல்லால்ல, குதிரை நொண்டுற மாரி இருக்கு."

அன்று முழுக்க அங்கேயே இருந்தாள். கறுப்பு வெள்ளைத் திட்டம் எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை. மண் மிதிக்கும் பாட்டியின் கணுக்கால், கூலிக் கணக்கு எழுதிய காலண்டர், ஊர்ப் பெரியவர்களோடு பேரம், வயிற்றின் உள்ளே எட்டிப் பார்க்கும் பேரன். பொழுது சாய்ந்த பிறகு, புரவி எடுப்பன்று கோயில் திடலில் படங்களைக் கட்டிவிடலாமா என்று பெரியவரிடம் அவளே கேட்டாள். "கட்டேன். குதிரைக்குப் பின்னாடி எடம் கெடக்கு."

பிரின்ட்டுக்கு வந்து சேர்ந்த இடம் புதுக்கோட்டை கீழராஜ வீதிப் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடை. நல்ல காகிதத்தில் போட்டால் அவள் கையில் இருந்த பணத்துக்கு இரண்டு படம்கூட வராது. திடலில் வெயிலும் காற்றும் வேறு. ஃபிளெக்ஸ் எனக்குப் பிடிக்காது. பிளாஸ்டிக், வண்ணமும் கத்தும். ஆனால் காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை இந்த மாவட்டம் முகங்களைப் பார்த்துப் பழகியது அதில்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். கடைக்காரத் தம்பி பென்டிரைவைச் செருகி, படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்தார்.

"மேல யாரு படம் வைக்கணும்க்கா?"

"யாரும் வேணாம்ணே. இதே படந்தான்."

"கீழ வாழ்த்துவோர் பேரு?"

"விழா இல்லண்ணே, கண்காட்சி."

அவர் கொஞ்சம் யோசித்தார். வெறும் படமாக ஒரு ஃபிளெக்ஸை அனுப்ப அவர் தொழில் மனசு இடம் கொடுக்கவில்லை போல.

"சரி, ஒண்ணுல மட்டும் 'கண்காட்சிக்கு வருக வருக'ன்னு போட்ருவோமா? எழுத்துக்குத் தனிக் காசு வேணாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெரியவர் பெயரையும் பெரிய எழுத்தில் சேர்க்கச் சொன்னேன். எழுத்துப்பிழை இல்லாமல் வருகிறதா என்று பார்க்க இரண்டு பேரும் திரையை ஒட்டி உட்கார்ந்தோம்.