கெட்டாலும் கேடில்லை

மாணாக்கர்கள் பிழையாகப் பொருள் கொள்ளும் இங்கிலீஷ்ச் சொற்களில் ‘ஃபெயில்-ஸேஃப்’ என்பது ஒன்று. ‘ஒருகாலும் தவறாதது’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் பலர் அப்படித்தான் வழங்குகிறார்கள். ஆனால் சொல்லின் உண்மைக் கருத்து ஏறக்குறைய நேர்மாறானது. யந்திரம் என்றாவது ஒரு நாள் கெடத்தான் போகிறது. கெடும்போது அபாயமில்லாத பக்கமாகக் கெடட்டும் என்பதே அதன் தாத்பரியம்.

சொல் பரவியது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். கருத்தோ ரெயில் பாதையில் வளர்ந்தது. அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் முதலில் செய்த பிரேக்கில், காற்றின் அழுத்தம் சக்கரங்களைப் பிடிக்கும். குழாய் வெடித்தால் பிரேக்கே இல்லை. 1872-ல் இதைத் தலைகீழாக்கினார். வண்டிதோறும் ஒரு காற்றுத் தொட்டி வைத்தார். குழாயில் அழுத்தம் உள்ள வரையில் பிரேக் விலகியிருக்கும். குழாய் அறுந்தாலோ வண்டிகள் பிரிந்தாலோ, தொட்டிக் காற்று பாய்ந்து பிரேக்கைத் தானே அழுத்திவிடும்.

ஆயினும் எல்லாரும் இவ்வகைப் பிரேக்கை ஏற்கவில்லை. 1889 ஜூன் 12-ந் தேதி, அயர்லாந்தில் ஆர்மா என்னும் ஊருக்கருகே, ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளை உல்லாசப் பிரயாணத்துக்கு ஏற்றிச் சென்ற ரெயில் ஒரு மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. வண்டித் தொடரை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் கொண்டுபோக எண்ணினார்கள். அதிலிருந்த பிரேக் தானே இயங்காத வகை. பிரித்த கணமே, பின்வண்டிகளுக்குக் கார்டின் கைப்பிரேக்கும் சக்கரத்தடியில் வைத்த சில கற்களுமே துணை. அவை தாங்கவில்லை. பின்னோக்கி உருண்ட வண்டிகள் அடுத்து வந்த ரெயிலில் மோதின. சுமார் 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, பிரயாணி ரெயில்களில் தானே இயங்கும் பிரேக்கைக் கட்டாயமாக்க வழிசெய்து சட்டம் இயற்றிற்று. யந்திரம் கண்டுபிடித்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன!

பழைய கைகாட்டி மரத்திலும் இதே யுக்திதான். கம்பி அறுந்தால், எதிர்ப்பாரத்தின் கனத்தால் கை ‘நில்’ என்னும் நிலைக்குத் திரும்பும். ரெயில் தாமதமாகும்; பிரயாணிகள் ஸ்டேஷன் மாஸ்டரை வைவார்கள்; உயிர்ச்சேதம் இல்லை.

1962-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவலுக்கு இச்சொல்லே தலைப்பு. யந்திரக் கோளாறினால் அணுகுண்டு விமானங்கள் மாஸ்கோவை நோக்கிப் பறந்துவிடும் கதை அது. விமானம் என்றதும் ஒன்று தோன்றுகிறது. கெட்டால் நின்றுவிடு என்று ரெயிலுக்குச் சொல்லலாம். நடுவானில் பறப்பதற்கு அப்படிச் சொல்ல இயலாது. ஆகவேதான் அதில் ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும்படி, முக்கியமான கருவிகளை இரண்டு மூன்றாக வைக்கிறார்கள்.