பழைய ஊர்தியும் புதிய பாடமும்

மனிதன் படைத்த ஊர்திகளுள் சில விரைவுக்காகப் போற்றப்படுகின்றன. சில அழகுக்காக விரும்பப்படுகின்றன. உழைப்பு ஒன்றினாலேயே பெயர் பெற்றவை மிகச் சிலவே. பாதையற்ற வயலிலும் சேற்றிலும் மலைச்சரிவிலும் செல்லவல்ல லாண்ட் ரோவர் அத்தகையது. அவ்வாறான பழைய ஊர்தி ஒன்றை வாங்கிச் சீர்செய்த எங்கள் குடும்பத்தின் அனுபவத்தை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளரான மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவிலிருந்த தமது பண்ணையில் போர்க்கால ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதற்கு ஈடான உள்நாட்டு ஊர்தி இல்லையே என்ற எண்ணமே 1947ஆம் ஆண்டில் புதிய முயற்சிக்கு வித்தாயிற்று. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியமையால், உடற்பகுதியை அலுமினியக் கலப்புலோகத்தால் அமைத்தனர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் அறிமுகமாயிற்று. ‘சீரீஸ்’ எனப்படும் தொடக்க வரிசைகள் 1985 வரை வெளிவந்தன. அவற்றின் வழித்தோன்றலான பழைய டிபெண்டரின் உற்பத்தி 2016 சனவரி 29 அன்று சொலிஹல் தொழிற்சாலையில் நிறைவெய்தியது.

அலுமினியத்தில் செந்துரு ஏறாது. ஆயின் அதனைத் தாங்கும் ‘சேசி’ என்னும் அடிச்சட்டம் உருக்கினால் ஆனது. உள்ளீடற்ற பெட்டி வடிவிலான அச்சட்டத்தினுள் சேறும் ஈரமும் புகுந்து தங்கிவிடும். குளிர்காலத்தில் பிரித்தானிய வீதிகளில் தூவப்படும் உப்பு அதனை மேலும் அரிக்கும். வெளித்தோற்றம் குன்றாதிருக்க, உள்ளிருந்தே சட்டம் உளுத்துப்போகும். இவ்வகை ஊர்தியை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய முதற் செய்தி இதுவே.

நாங்கள் முதலில் பார்த்த ஊர்தி பச்சை வண்ணம் பூசப்பெற்றுப் பளபளத்தது. விலையும் எங்கள் சேமிப்புக்குள் அடங்கியது. எங்கள் மகள் கைவிளக்குடன் கீழே படுத்துப் பார்த்து, “அப்பா, கீழையும் புதுசாத் தார் பூசியிருக்கினம்” என்றாள். சிறு சுத்தியலால் சட்டத்தின் பின்புறக் குறுக்குப்பகுதியைத் தட்டினோம். நல்ல உருக்கு மணிபோல் ஒலிக்கும். இதுவோ ஊறிய பலகையைத் தட்டியது போல் ஒலித்தது. நன்றி கூறி விடைபெற்றோம். சில கிழமைகளின் பின் கண்ட 1969ஆம் ஆண்டு ஊர்தியின் கதவுகள் நெளிந்திருந்தன, இருக்கைகள் கிழிந்திருந்தன. எனினும் அடிச்சட்டம் எங்கு தட்டினும் கணீரென்றது. அதனையே வாங்கினோம்.

சீர்செய்யும் பணி இரண்டு குளிர்காலங்களை எடுத்துக்கொண்டது. “பிறேக் முதலில், பெயின்ற் கடைசியில்” என்பதே எங்கள் வீட்டு விதி. பிறேக் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றினோம். இறுகிய மரையாணிகளுக்கு இரவில் எண்ணெய் விட்டு, மறுநாள் பொறுமையுடன் திருகிக் கழற்றினோம். காலடித் தகட்டின் ஒட்டுவேலையை அத்தொழில் கற்றவரிடம் ஒப்படைத்தோம். கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் பையிலிட்டு, சுரை, மரையாணி, பற்சில்லு, நெம்புகோல் என மகள் தமிழில் பெயர் எழுதி ஒட்டினாள். பெயர் தெரியாதபோது அகராதியைப் புரட்டினோம். நெளிந்த கதவுகளை மட்டும் அவ்வாறே விட்டுவைத்தோம். அவை அவ்வூர்தி உழைத்த உழைப்பின் அடையாளங்கள்.

பிரித்தானியாவில் 40 ஆண்டுகளைக் கடந்து, பெரும் மாற்றம் செய்யப்படாத ஊர்திகளுக்கு 2018 மே மாதம் முதல் ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆயினும் நாங்கள் ஆண்டுதோறும் பரிசோதிக்கின்றோம். “சட்டம் கேக்கேல்லை எண்டால் ஏன் அம்மா காசைச் செலவழிக்கிறியள்?” என்று மகன் வினவினான். “சட்டத்துக்காக இல்லை மோனை, உள்ளை இருக்கிற உங்களுக்காக” என்றார் அவன் தாயார். அதன்பின் அவன் அக்கேள்வியை எழுப்பவில்லை. பரிசோதனை நாளில் முதலில் ஏறி அமர்பவன் இன்று அவனே.

அவ்வூர்தி இன்று எங்களைச் சேற்றுவழியிலும் மேட்டுநிலத்திலும் சுமந்து செல்கின்றது. மஞ்சட் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் இயங்கும். சிவப்புக் குமிழுடைய நெம்பை இழுத்தால் மெல்ல, ஆனால் மிகுந்த வலுவுடன் ஏறும். பிள்ளைகள் இருவரும் இவற்றின் செயற்பாட்டைக் கைகளாலேயே கற்றுள்ளனர்.

அன்பான மாணவர்களே! எப்பொருளை ஏற்கும் முன்பும் அதனைத் தாங்கி நிற்பது எதுவெனக் குனிந்து பாருங்கள். பெற்றோரே! அப்போது கைவிளக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எம் கண்ணுக்குத் தப்புவது அவர்கள் கண்ணுக்குப் புலப்படும்.