உள்ளிருந்து எழுதிய வரலாறு

கரெக்‌ஷன் என்றாலே எனக்கு விடைத்தாள் கட்டுதான் நினைவுக்கு வரும். கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் குற்றவியல் நீதி படிக்கிற அக்கா மகள், இந்தப் பருவத்தில் 'கரெக்‌ஷன்ஸ்' ஒரு பாடம் என்றபோது சிரித்துவிட்டேன். "ஜெயில் பற்றின பாடம் சித்தி" என்றாள்.

இரண்டாண்டுப் படிப்பு. படித்தவர்கள் போலீஸாகலாம், சிறைக் காவலராகலாம். 1968இல் வந்த ஒரு சட்டம் போலீஸ்காரர்கள் படிக்கப் பணம் கொடுத்தது. அதன்பின் இத்துறைகள் மளமளவென்று பெருகின. கைதிகளுக்குக் கிடைத்துவந்த பெல் உதவித்தொகையை 1994இல் நிறுத்தினார்கள். முழுமையாகத் திரும்பக் கிடைத்தது 2023 ஜூலையில். காவல் காப்பவர் படிக்கலாம், காக்கப்படுபவர் படிப்பதற்குக் காசில்லை என்ற நிலை ஏறக்குறைய 30 ஆண்டுகள்.

அவள் பாடத்தில் இண்டியானா பெண்கள் சிறை வருகிறது. 1873இல் திறக்கப்பட்டது. ரோடா காஃபின், சாரா ஸ்மித் என்ற குவேக்கர் பெண்கள் கருணையோடு உருவாக்கிய இடம் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட கதை. 2012 முதல் அச்சிறைக்குள்ளேயே கல்லூரி வகுப்பில் படித்த கைதிப் பெண்கள் அந்தக் கதையைக் கிளறினார்கள். இணையம் கிடையாது. நூலகர்கள் அனுப்பிய நகல்கள்தான். ஆரம்பகாலப் பதிவுகளில் திருடியவர்கள் இருக்கிறார்கள், கொலை செய்தவர்கள் இருக்கிறார்கள். பாலியல் தொழிலுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களைக் காணோம். அவர்கள் எங்கே போனார்கள்? பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களுக்குத் தோன்றாத கேள்வி. தேடிப்போனால், கன்னியர் நடத்திய குட் ஷெப்பர்டு இல்லங்கள். அங்கே சலவை வேலை. சிறைக்கு முந்திய சிறை. சீர்திருத்தக்காரிகளின் நிர்வாகத்தில் நடந்த கொடுமைகளும், சிறை மருத்துவர் கைதிகளின் உடலில் செய்த சோதனைகளும் வெளியே வந்தன.

வள்ளுவரும் சிறைவைத்துக் காப்பதால் என்ன பயன் என்று கேட்பார். கேட்டுவிட்டு அந்தக் காவல் வேலையைப் பெண்ணிடமே ஒப்படைத்துவிடுவார். காஃபினும் ஸ்மித்தும் அவருக்கு ரொம்பத் தூரமில்லை.

அந்தப் பெண்களில் ஒருவர் மிஷெல் டேனியல் ஜோன்ஸ். 2017இல் ஹார்வர்டு வரலாற்றுத் துறை அவரைத் தேர்ந்தெடுத்தது, மேலிடம் மறுத்தது. நியூயார்க் பல்கலைக்கழகம் முனைவர் படிப்புக்குச் சேர்த்துக்கொண்டது. அவர் சிறைக்குப் போனது தன் நான்கு வயது மகனைக் கொன்ற வழக்கில். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு எழுதுவது நம் மாதிரிக் கட்டுரைகளுக்குச் சுலபம். அக்கா மகள் விடவில்லை. "இதைத் தெரிஞ்சுகிட்டும் அவங்களைப் படிக்கணுமா சித்தி?" என்றாள். படிக்கணும் என்றேன். அந்தக் குழந்தையை மறக்காமல் படிக்கணும். இரண்டும் சேர்ந்து இருப்பது கஷ்டம்தான். எனக்கும் கஷ்டமாகவே இருக்கிறது.

2023இல் அவர்களின் ஆய்வு நூலாக வந்தது: 'ஹூ வுட் பிலீவ் எ பிரிசனர்?'. ஒரு கைதியை யார் நம்புவார்கள் என்பது தலைப்பு. அவள் அதைத் தன் கட்டுரையில் சான்றாகக் காட்டியிருந்தாள். ஆசிரியர் ஓரத்தில் குறித்திருந்தார்: இவர்கள் நடுநிலையானவர்களா?

காஃபின் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கேள்வி இல்லை என்பதைக் காட்டி, அவள் அவருக்கு ஒரு பக்கப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.