செம்மண் பாதையில் ஒரு பழைய துரை வண்டி

குளுவாங் என்றதும் பலருக்கு லம்பாக் மலையும், 1938ஆம் ஆண்டில் தொடங்கிய இரயில் நிலையக் காப்பிக் கடையும் நினைவுக்கு வரும். ஊரின் பெயரே பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1909இல் ஜொகூர் வழியாக இரயில் பாதை போட்டு முடிந்தபின் இவ்வட்டாரத்தில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பின்னர் செம்பனை வந்தது. நியோர், பாலோ, ரெங்கம், கஹாங் என்று எந்தப் பக்கம் போனாலும், தார்ச்சாலையை விட்டு இறங்கினால் தோட்டத்துச் செம்மண் பாதைதான். அந்தப் பாதையில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அது துரையின் லேண்ட் ரோவர் வண்டி.

பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே அதன் உறுமல் கேட்டுவிடும். மண்டோர் சட்டையைச் சரிசெய்து கொள்வார். கிராணி பேர் புத்தகத்தைத் திறப்பார். மழைக்காலத்தில் வண்டி சேற்றில் புதைந்தால் தள்ளிக் கரையேற்றியவர்கள் நம் பெற்றோர்கள். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் பல தோட்டங்களில் அதே வண்டிதான். ஆகவே அதனிடம் நம்மவர்களுக்குப் பயமும் உண்டு, நன்றியும் உண்டு.

காலம் மாறிவிட்டது. தோட்ட நிர்வாகங்கள் புதிய வண்டிகளுக்குப் போய்விட்டன. அன்று அந்த வண்டியைத் தள்ளியவர்களின் பிள்ளைகளில் சிலர், இன்று பழைய லேண்ட் ரோவரை விலைக்கு வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் சேமிப்புப் பணமும், குடும்பத்தின் உயிரும் அதில் ஏறி உட்காருகின்றன அல்லவா? எனவே அதன் குணத்தை முதலில் அறிந்து கொள்வோம்.

பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் பொறியியலாளர் மாரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் அமெரிக்க இராணுவ ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதைப் பார்த்து, உழவர்களுக்கு ஏற்ற வண்டி ஒன்றை உருவாக்க நினைத்தார். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப் பின் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், உடல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தப் பஞ்சமே பிறகு வரமாயிற்று. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில் உடல் தகடு அவ்வளவாகத் துருப்பிடிக்கவில்லை.

1958இல் இரண்டாம் வரிசை, 1971இல் மூன்றாம் வரிசை என்று வந்து, 1985இல் அந்தப் பழைய வரிசை முடிந்தது. அதன் வழிவந்த டிஃபெண்டர் வண்டியின் உற்பத்தியும் 2016 ஜனவரி 29இல் நின்றது. இந்த நிறுவனத்தை 2008ஆம் ஆண்டில் இந்தியாவின் டாட்டா வாங்கியது என்பது நம்மில் பலர் அறிந்த செய்தியே.

முள்வேலிக் காலம்

வண்டி பிறந்த அதே 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. ஜொகூரின் நடுப்பகுதிக் காடுகளும் தோட்டங்களும் அதில் பெரிதும் அடிபட்டன. துரைமார்கள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்து ஓட்டிய காலம் அது. இவ்வண்டிகளை மாற்றியமைக்கும் பழக்கம் நம் நாட்டில் இப்படித்தான் தொடங்கியது எனலாம். அன்று ஆசைக்காக யாரும் மாற்றவில்லை, உயிருக்காக மாற்றினார்கள். தகடு இல்லாமல் அதே பாதையில் பால் வெட்டப் போனவர்கள் நம் மக்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

மஞ்சள் குமிழும் சிவப்புக் குமிழும்

ஓட்டுநரின் காலடியில் வழக்கமான கியர்த் தண்டோடு, மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புக் குமிழ் ஒன்றும் இருக்கும். சாதாரணமாகப் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். வண்டியை நிறுத்திச் சிவப்புக் குமிழைப் பின்னுக்கு இழுத்தால், நான்கு சக்கரமும் மெதுவாக, ஆனால் மிகுந்த பலத்தோடு திரும்பும். மேட்டிலும் சேற்றிலும் அதுதான் துணை.

இதில் ஓர் எச்சரிக்கை. நான்கு சக்கர இழுவையைத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் முன்சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின்சக்கரம் ஓடும் தூரம் வேறு. மண்ணில் சக்கரம் சறுக்கி அந்த வேறுபாட்டைச் சமாளித்துவிடும். தாரில் சறுக்க வழியில்லை. இறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களில் ஏறி, ஏதாவது ஒன்று உடையும்.

எதை மாற்றலாம்?

வாங்கப் போகும்போது பளபளக்கும் சாயத்தைப் பார்க்காதீர்கள். குனிந்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். மேலே அலுமினியம் என்றாலும் அடிச்சட்டம் எஃகுதான். செம்மண் அப்பி, ஈரம் காயாமல் உள்ளிருந்தே அரித்திருக்கும். சிறிய சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் மந்தமாகக் கேட்கும். ஓட்டுநருக்கு முன்னாலுள்ள தடுப்புச் சுவரின் அடிப்பாகமும், அலுமினியமும் எஃகும் ஒட்டும் இடங்களும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.

இளைஞர்கள் முதலில் மாற்ற விரும்புவது டயர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 109 அங்குலம் உள்ள நீள வண்டிக்கு 7.50-16 அளவு போதும். அதைவிடப் பெரிய டயர் போட்டால் பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் பின் அச்சுத் தண்டு இவ்வண்டியின் பலவீனமான இடம். பெரிய டயரின் சுமை அதை முறித்துவிடும்.

அடுத்து எஞ்சின். பழைய 2286 சி.சி. பெட்ரோல் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும். அதனால் ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்துவோர் உண்டு. செலவு குறையும், வேகமும் கூடும். ஆனால் நான்கு சக்கரத்திலும் இருப்பவை பழைய டிரம் பிரேக்குகள். தண்ணீரில் இறங்கி ஏறினால் சற்று நேரம் அவை பிடிக்கவே மாட்டா. ஓடும் பலத்தைக் கூட்டிவிட்டு, நிற்கும் பலத்தை அப்படியே விட்டால் என்னவாகும்? ஆகவே பிரேக் முதலில், ஸ்டியரிங் அடுத்தது, எஞ்சின் அதற்கும் பிறகு. இந்த வரிசையை மனத்தில் வையுங்கள்.

எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும், வாகனப் பரிசோதனையும், பதிவில் புதிய எஞ்சின் எண்ணும் வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும். பதிவில் இருப்பது ஒன்று, வண்டியில் இருப்பது வேறொன்று என்றால், விபத்து நேரத்தில் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

எங்கே ஓட்டலாம்?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் கஹாங் வரும். அங்கிருந்து தோட்டங்களையும் காட்டையும் ஊடுருவி, 50 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போனால் கம்போங் பேத்தா. ஜக்கூன் மக்கள் வாழும் அந்த ஊர்தான் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர் வாசல்களில் ஒன்று. நான்கு சக்கர வண்டிக்கு ஏற்ற பயணம் இது. பாதையின் நிலையை முன்னதாகக் கேட்டறிந்து, பூங்கா அனுமதி பெற்று, இரண்டு வண்டிகளாகச் செல்வதே நல்லது. ஆண்டு இறுதியின் அடைமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கேமரன் மலையில் காய்கறி மூட்டைகளைச் சுமந்து உழைத்தவையும், இந்தியாவின் டார்ஜிலிங் மலையில் சந்தக்பூ உச்சிக்கு ஆள் ஏற்றிச் சென்றவையும் இதே பழைய லேண்ட் ரோவர்கள்தாம். அங்கெல்லாம் அவை நீண்ட காலம் பிழைத்ததற்குக் காரணம், ஓட்டியவர்களே பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டது. திருகாணியைக் கழற்றித் தகட்டை மாற்றும் அளவுக்கு எளிமையான வண்டி இது.

அந்தக் கைத்திறன் நமக்குப் புதிதல்ல. தோட்டத்துப் பட்டறைகளில் துரையின் வண்டியைக் கழுவி, எண்ணெய் மாற்றி, மறுநாள் காலைக்குள் ஓட வைத்தவர்களில் நம்மவர் பலர். அத்தகைய பெரியவர் எவரேனும் உங்கள் தாமானில் இருந்தால், வண்டி வாங்கும் முன் அவரை அழைத்துப்போய்க் காட்டுங்கள். அவர் காதுக்கு எஞ்சின் பொய் சொல்லாது. வாங்கியபின் முதல் ஓட்டத்தில் அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.