உச்ச நீதிமன்றம் ஏறாத நீதிபதி: லேர்னட் ஹேண்ட்

லேர்னட் ஹேண்ட் 1872 ஜனவரி 27 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டில் தத்துவமும் பின்னர் சட்டமும் படித்தார். வக்கீல் தொழிலில் பெரிதாகப் பெயர் எடுக்கவில்லை. 1909இல் குடியரசுத் தலைவர் டாஃப்ட் அவரை நியூயார்க்கின் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக நியமித்தார்.

முதல் உலகப் போரின்போது, 1917இல், 'தி மாஸஸ்' என்ற இடதுசாரி இதழை அஞ்சலில் அனுப்ப நியூயார்க் அஞ்சல் அதிகாரி மறுத்தார். சட்டத்தை மீறும்படி நேரடியாகத் தூண்டாத எழுத்தை, அரசைச் சாடுகிறது என்பதற்காகத் தடுக்க முடியாது என்றார் ஹேண்ட். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. 1918இல் மேல்முறையீட்டு நீதிமன்றப் பதவி மார்ட்டின் மேன்டன் என்ற மற்றொரு நீதிபதிக்குப் போனது. ஹேண்டுக்கு அது 1924இல்தான், கூலிட்ஜ் ஆட்சியில் கிடைத்தது. 1939இல் மேன்டன் ஊழல் வழக்கில் சிக்கிப் பதவி விலகிச் சிறை சென்றார். அந்த நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி இடத்துக்கு ஹேண்ட் வந்தார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளை விசாரிப்பதில்லை. வழக்கமாக மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, கீழ்நீதிமன்ற ஆவணங்களைப் படித்து, வாதம் கேட்டு, சட்டப்பிழை உண்டா என்று பார்க்கிறது. உச்ச நீதிமன்றம் மிகச் சில வழக்குகளையே ஏற்பதால், பெரும்பாலோருக்கு இதுவே கடைசிப் படி.

ஹேண்டின் புகழ்பெற்ற தீர்ப்புகள் சில துறைமுக வழக்குகளில் பிறந்தவை. வானொலிக் கருவி இல்லாத இழுவைப் படகுகள் புயல் எச்சரிக்கையைக் கேட்காமல் போனதால் சரக்குப் படகுகள் மூழ்கின. அக்கருவியை வைத்திருப்பது அத்தொழிலில் வழக்கமாகவில்லை என்ற வாதத்தை அவர் 1932இல் ஏற்கவில்லை. ஒரு தொழில் முழுவதுமே கவனக்குறைவாக இருக்கலாம் என்றார். 1947இல், ஆளில்லாமல் விடப்பட்ட சரக்குப் படகு அறுத்துக்கொண்டு போய் மூழ்கிய வழக்கில் ஒரு சூத்திரமே தந்தார்: விபத்து நேரும் வாய்ப்பை இழப்பின் அளவால் பெருக்கி வரும் தொகையைவிடத் தடுப்புச் செலவு குறைவாக இருந்தும் தடுக்காவிட்டால், அது கவனக்குறைவு. சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

1945இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் மீதான முற்றுரிமை வழக்கில் ஹேண்ட் தீர்ப்பளித்தார். பல நீதிபதிகள் விலகியதால் உச்ச நீதிமன்றத்தில் போதிய எண்ணிக்கை இல்லை. தனிச் சட்டம் இயற்றி வழக்கை ஹேண்டின் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். சந்தையில் 90 சதவீதம் முற்றுரிமைதான், 33 சதவீதம் அல்ல, 60 சதவீதம் ஐயத்துக்குரியது என்று அவர் வரையறுத்தார்.

உச்ச நீதிமன்றப் பதவி மட்டும் கிட்டவில்லை. 1942இல் இடம் காலியானபோது நண்பர்கள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டை வற்புறுத்தினர். ஆனால் எழுபது கடந்த நீதிபதிகளைக் காரணம் காட்டி 1937இல் உச்ச நீதிமன்றத்தை விரிவாக்க முயன்றவர் அவர். ஹேண்டுக்கோ 1942இல் வயது 70.

1950இல் ஹேண்ட், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேரின் தண்டனையை உறுதிசெய்தார். அபாயம் மிகப் பெரியதாக இருந்தால் அது நிகழும் வாய்ப்பு குறைவாயினும் பேச்சைத் தண்டிக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1951இல் அவர் முழுநேரப் பணியிலிருந்து விலகினாலும் வழக்குகளைத் தொடர்ந்து கேட்டார். 1961 ஆகஸ்ட் 18 அன்று இறந்தார். 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950இன் அளவுகோலைக் கைவிட்டு, நேரடித் தூண்டுதல் உண்டா என்று பார்க்கும் அவரது 1917 நிலைக்கு நெருங்கி வந்தது.